துப்பாக்கியின் கோம்ப்பை அறுப்பதற்கு முன்

டெல்லி துக்ளகாபாத் ரேஞ்சில் டிராப் (பறக்கும் களிமண் தட்டை ஷாட்கன்னால் சுடும் போட்டி) சுடும்போது ரவை தட்டுக்குக் கீழேயே போகிறது, கோம்ப்பை (துப்பாக்கியின் பின்கட்டையான ஸ்டாக்கில் கன்னம் பதியும் மேல்விளிம்பை) அறுத்து ஏற்றி இறக்கும்படி செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். ஆனால் அதற்குள் ரம்பம் வேண்டாம். முதலில் கோம்ப் மேல் அட்டைத் துண்டுகளை அடுக்கி டேப் ஒட்டி, காகித இலக்கில் சுட்டுப் பாருங்கள். ஷாட்கன்னில் பின் சைட் (குறி பார்க்கும் பின்பக்க அமைப்பு) உங்கள் கண்தான். கண் 3 மி.மீ. உயர்ந்தால் 15 மீட்டரில் அடி சுமார் 4 செ.மீ. ஏறும்.

உயரம் பிடிபட்ட பிறகு உரிமம் உள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். (டெல்லி மர ஆசாரிகள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் இது அவர்கள் வேலை இல்லை.) ஓவர்-அண்டர் (ஒரு குழல் மேல் இன்னொரு குழல் உள்ள துப்பாக்கி) என்றால் பொதுவாக ஸ்டாக்குக்குள் நீளமான போல்ட் ஒன்று ஓடும், அறுத்த கோம்ப்பைத் தாங்கும் கம்பிகளுக்குப் போடும் துளை அந்த போல்ட் ஓடும் குழிக்குள் இறங்கிவிடக் கூடாது. அப்புறம், உயரத்தை வைத்து கம்பியைப் பிடிக்கும் திருகை இறுக்கியதும், அதே உயரம் திரும்பக் கிடைக்க கம்பியில் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள்.