டாக்டர்களிடம் கேட்ட கேள்வி

அன்புள்ள ஐயா,

மகளுக்கு எட்டு வயது. காலை உணவுக்கு டப்பாவில் வரும் தானியம் வாங்கப் போனால் ஒன்றில் ‘கொழுப்பு குறைவு’, இன்னொன்றில் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று போட்டிருக்கிறது. எது ஆரோக்கியம்? புரோட்டீன் சேர்த்தது நல்லதா? என் அம்மா எதுவும் வேண்டாம் என்கிறார். ஒரு நாளில் முக்கியமானது காலை உணவு என்று சொன்னால் அவருக்குப் புரியவில்லை. ஊட்டச்சத்து பற்றி எதுவும் தெரியாதவர்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

டப்பாவைத் திருப்பி, நூறு கிராமில் எவ்வளவு சர்க்கரை என்று பாருங்கள். புரோட்டீனை இப்போதைக்கு விடுங்கள்.

கொஞ்ச நாளாக நான் யோசித்துக்கொண்டிருந்தது உங்களுடைய அந்தக் ‘காலை உணவு’ வாக்கியத்தைத்தான். அதைச் சொன்னவர்கள் இதற்கு முன்பும் உண்டு. ஆனால் 1944இல் அமெரிக்காவின் ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனம் அதை ‘ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்கிறார்கள்’ என்று வானொலியில் ஒலிக்கவிட்டது. அவர்கள் விற்றதும் டப்பா தானியம்தான்.

1920களில் எட்வர்ட் பெர்னேஸ் என்ற அமெரிக்க மக்கள் தொடர்பு நிபுணர் செய்தது இதைவிடக் கெட்டிக்காரத்தனம். பன்றி இறைச்சி விற்கும் கம்பெனிக்காக ஒரு டாக்டரைப் பிடித்து, ஆயிரக்கணக்கான டாக்டர்களுக்குக் கடிதம் எழுதவைத்தார். காலையில் கனமாகச் சாப்பிடுவது நல்லதா என்பதுதான் கேள்வி. ஏறக்குறைய 4,500 பேர் ஆமாம் என்றார்கள். பத்திரிகைகளில் அது செய்தியாக வந்தது, பக்கத்திலேயே பன்றி இறைச்சியும் முட்டையும். கவனியுங்கள், யாரும் பொய் சொல்லவில்லை. டாக்டர்கள் மனதில் பட்டதைச் சொன்னார்கள், பத்திரிகைகள் வந்ததைப் போட்டன. கேள்வியில் மட்டும் இறைச்சி இல்லை. விளம்பரம் என்று தெரிந்தால் நாம் உஷாராகிவிடுவோம். டாக்டர் சொன்னால் வீட்டில் போய்ச் சொல்வோம். நீங்கள் சொல்லியிருக்கிறீர்களே, அப்படி.

‘கொழுப்பு குறைவு’க்கும் பூர்வகதை உண்டு. 1967இல் இதய நோய்க்குக் கொழுப்பின் மேல் பழியைப் போட்ட ஒரு ஹார்வர்ட் பல்கலைக்கழகக் கட்டுரைக்குப் பணம் தந்தது சர்க்கரைத் தொழில். வெளியே தெரிந்தது 2016இல்.

குழந்தையைப் பட்டினி போடச் சொல்லவில்லை. பசித்தால் சாப்பிடட்டும். அவளுக்கு ஏதும் குறைந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்கள், தெரிகிறது. டப்பாவின் முன்பக்கத்தை எழுதுகிறவனுக்கும் அது தெரியும்.

அப்புறம், அம்மாவுக்கு எதுவும் தெரியாதா? ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லையே. டப்பா சொன்னதை மட்டும் வரி விடாமல் எழுதியிருக்கிறீர்கள்.