2003 ஆகஸ்ட் 14: ஊர் இருண்டபோது அணுஉலைகள் என்ன செய்தன?

2003 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை, மாலை 4.10 மணி. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் பெரும்பகுதியும் அமெரிக்காவின் 8 மாநிலங்களில் பல பகுதிகளும் சில நிமிடங்களில் இருண்டன. சுமார் 5 கோடி மக்களுக்கு மின்சாரம் இல்லை. அந்த நாளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் "அணுமின் நிலையம் பக்கத்திலேயே இருந்ததே?" என்ற கேள்வி கட்டாயம் வரும். அணுமின் நிலையமொன்றில் முறைப்பணிப் பொறியியலாளனாக நெடுங்காலம் இருந்தவன் என்ற தகுதியில், வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (ஸ்காபரோ, ரொறன்ரோ): ஐயா, அன்று 14ஆம் மாடிக்குப் படியேறிய ஆள் நான். பிக்கறிங் அணுமின் நிலையம் எங்கள் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரத் தூரம். இவ்வளவு அருகில் வைத்துக்கொண்டு எங்களுக்கு ஏன் மின்சாரம் தர முடியவில்லை?

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் பக்கத்தில் கிணறு இருக்கிறது, வாளி விட்டு இறைத்துக்கொள்ளலாம் என்பது போன்ற விஷயம் இல்லை இது. நிலையங்களையும் ஊர்களையும் கம்பிகளால் இணைக்கும் பெரிய மின்வலையில் மின்சாரத்தைச் சேமித்து வைக்க அதிக இடமில்லை. இந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ, இந்த நொடியில் அவ்வளவுதான் உற்பத்தியாக வேண்டும். வலை அறுந்ததும் பிக்கறிங்கின் மின்சாரத்தை வாங்க ஆளில்லாமல் போய்விட்டது. ஏற்றத்தில் முழு பலத்தோடு மிதிக்கும்போது சைக்கிள் சங்கிலி கழன்றால் கால் என்னவாகும்? நீராவியால் சுழன்று மின்சாரம் தரும் டர்பைனுக்கும் அதே நிலைமைதான். சுமை போனதும் தறிகெட்டுச் சுழலப் பார்க்கும். அது நடக்காமலிருக்க நீராவி வால்வுகள் ஒரு நொடிக்குள் மூடிக்கொள்கின்றன. டர்பைன் நின்ற பிறகு, உலையில் பிறக்கும் வெப்பத்துக்குப் போக்கிடம் வேண்டும்.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. அணுமின் நிலையம் மின்சாரம் விற்கும் இடம் மட்டும் இல்லை, வாங்கும் இடமும்தான். குளிர்நீர்ப் பம்புகள், காற்றோட்ட விசிறிகள், கட்டுப்பாட்டறை என்று அதற்கே பெரிய பசி உண்டு. ஊர் இருண்டபோது நிலையத்துக்கும் வெளியிலிருந்து வந்த மின்சாரம் நின்றது.

கேள்வி (மிசிசாகா): அணுஉலையில் ஏதோ கோளாறு வந்துதான் எல்லாம் தொடங்கியது என்று அப்போது சொன்னார்களே?

சொன்னார்கள். இடி விழுந்தது என்றார்கள், சிலர் பயங்கரவாதிகள் என்றார்கள். எல்லாம் தவறு.

தொடக்கம் ஒஹாயோவில். பிற்பகல் 1.31க்கு ஈஸ்ட்லேக் நிலக்கரி மின்நிலையத்தின் 5ஆம் அலகு நின்றது. 2.14க்குப் பிறகு அந்தப் பகுதி மின்நிறுவனத்தின் கட்டுப்பாட்டறைக் கணினியில் எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்தது. மணி அடிக்கவில்லை, விளக்கு எரியவில்லை, திரை அமைதியாக இருந்தது. எல்லாம் சரி என்று நினைத்து இருந்துவிட்டார்கள். 3.05க்கு 345 கிலோவோல்ட் கம்பி ஒன்று மரத்தில் பட்டு இணைப்பிலிருந்து கழன்றது. அந்தக் கம்பியில் அப்போது ஓடிய மின்சாரம் அதன் கொள்ளளவில் பாதிகூட இல்லை. மரத்தை வெட்டாமல் விட்டதுதான் பிழை. 3.32க்கு இன்னொன்று, 3.41க்கு இன்னொன்று. ஒரு கம்பி விழுந்ததும் அதன் பாரம் அடுத்த கம்பியின் தலையில். 4.06 அளவில் சாமிஸ்–ஸ்டார் என்ற பெரிய கம்பியும் போனது. பிறகு யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. 265 மின்நிலையங்களில் 500க்கும் மேற்பட்ட அலகுகள் நின்றன.

உங்கள் காதில் விழுந்த வதந்திக்கு ஒரு வேர் இருக்கலாம். ஒஹாயோவில் டேவிஸ்–பெஸ் என்ற அணுமின் நிலையம் அப்போது மூடிக் கிடந்தது. குளிர்நீரில் கலந்திருக்கும் போரிக் அமிலம் உலைக்கலத்தின் மூடியை அரித்துப் பெரிய குழி பறித்திருந்தது 2002இல் தெரியவந்து, அது முதலே நிறுத்தி வைத்திருந்தார்கள். வெட்கக்கேடான கதைதான், ஆனால் வேறு கதை.

கேள்வி (திருச்சி, பொறியியல் மாணவர்): மின்சாரமே இல்லாதபோது உலையை எப்படி நிறுத்துவார்கள்? தண்டுகளை இறக்க மோட்டார் வேண்டாமா?

வேண்டாம். நியூட்ரான்களை விழுங்கி அணுப்பிளவை நிறுத்தும் தண்டுகள் உலைக்கு மேலே மின்காந்தப் பிடியில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. மின்சாரம் போனால் பிடி விடும், தண்டு தானே விழும். பிடித்து வைத்திருப்பதற்குத்தான் மின்சாரம் வேண்டும், விடுவதற்கு வேண்டாம். தண்ணீர் உலைக்குள்ளேயே கொதித்து நீராவியாகும் கொதிநீர் உலைகளில் தண்டுகள் அடியிலிருந்து மேலே போகும்; அங்கே முன்கூட்டியே அழுத்தி வைத்த நீர் தள்ளிவிடுகிறது. இரண்டிலும் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். அமெரிக்காவில் அன்று 9 அணுஉலைகள் இப்படித்தான் நின்றன.

நிறுத்துவது சுலபம். நின்ற பிறகுதான் வேலை. விறகை வெளியே இழுத்தாலும் அடுப்பில் தணல் கிடக்கும் அல்லவா? உலையின் தணல் அணுப்பிளவில் பிறந்த கதிரியக்கப் பொருள்கள். நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தில் 6, 7 சதவீதம் வந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தில் அது 1.5 சதவீதம் அளவுக்கு இறங்கும், ஒரு நாள் கழித்து அரை சதவீதத்தை நெருங்கும். அரை சதவீதம்தானே என்று நினைக்க வேண்டாம். 3,000 மெகாவாட் வெப்ப உலையில் அது 15 மெகாவாட். அடுப்புத் தணலில் தண்ணீர் ஊற்றினால் அணைந்துவிடும். இதை அணைக்கவே முடியாது. அதுவாகத் தேய்ந்து முடியும்வரை தண்ணீர் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி (அதே மாணவர்): அந்தத் தண்ணீரை ஓட்ட?

டீசல் ஜெனரேட்டர்கள். வெளி மின்சாரம் போன சில நொடிகளில் தாமே தொடங்கி, சுமார் பத்து நொடிகளில் சுமையை ஏற்கத் தயாராகிவிடும். ஒன்று கிளம்பாவிட்டால் மற்றது. அவற்றுக்கும் பின்துணையாக, கருவிகளுக்கும் வால்வுகளுக்கும் பேட்டரிகள். அவை சில மணி நேரம் தாங்கும். 2003இல் டீசல்கள் தொடங்கின, உலைகள் குளிர்ந்தன, யாருக்கும் கதிர்வீச்சுத் தீங்கு இல்லை.

2011இல் புகுஷிமாவிலும் நிலநடுக்கம் வந்தவுடன் டீசல்கள் ஒழுங்காகவே தொடங்கின. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு வந்த ஆழிப்பேரலை, கீழ்த்தளத்தில் இருந்தவற்றை மூழ்கடித்தது. உயரமான இடத்தில், காற்றால் குளிரும் ஒரே ஒரு டீசல் பிழைத்தது. 5ஆம் 6ஆம் உலைகளைக் காப்பாற்றியது அதுதான். டீசலை எங்கே வைப்பது என்பது இவ்வளவு பெரிய கேள்வி.

கேள்வி (மார்க்கம்): அண்ணா, மின்சாரம் இரண்டு நாளில் வந்துவிட்டது. ஆனால் ஏசி போடாதீர்கள், பாதி மின்சாரத்தைச் சேமியுங்கள் என்று ஒரு வாரத்துக்கு மேல் கெஞ்சினார்கள். உலையில் பழுது இல்லை என்றால் உடனே ஓட்ட வேண்டியதுதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

குற்றவாளியின் பெயர் செனான்-135. உலை ஓடும்போது அயோடின்-135 என்ற பொருள் உண்டாகிறது. அது சுமார் 6.6 மணி நேரத்தில் பாதியாகிச் செனானாக மாறுகிறது. செனானுக்கு நியூட்ரான் என்றால் அடங்காத பசி. நியூட்ரான் இல்லாமல் அணுப்பிளவுத் தொடர் நடக்காது. உலை ஓடுகிறவரை சிக்கல் இல்லை, ஏனென்றால் நியூட்ரானை விழுங்கிய செனான் வேறொன்றாக மாறிப்போகிறது. வரவும் செலவும் ஒத்துப் போகின்றன. உலை நின்றதும் செலவு நின்றுவிடுகிறது. வரவு நிற்பதில்லை. தேங்கியிருந்த அயோடின் செனானைப் பெற்றுக்கொண்டே இருக்கிறது. பத்துப் பதினோரு மணி நேரத்தில் செனான் உச்சத்துக்குப் போகும். பிறகு தானாகத் தேய்ந்தால்தான் உண்டு.

கனடாவின் கேண்டு உலைகள் செறிவூட்டாத இயற்கை யுரேனியத்தில் ஓடுபவை. சிக்கனமான குடும்பம், நியூட்ரான் கையிருப்பு குறைவு. உலை நின்றால் மறுபடி கிளப்ப அரை மணி நேரம்போலத்தான் அவகாசம். அதைத் தவறவிட்டால் தண்டுகளையெல்லாம் உருவினாலும் உலை எழும்பாது. "பாய்சன் அவுட்" என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள், நஞ்சேறிவிட்டது என்று பொருள். சுமார் ஒன்றரை நாள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அன்று மாலை வெளியே மின்வலையே இல்லை. அரை மணி நேரத்துக்குள் யாருக்காகக் கிளப்புவது?

ஒன்ராறியோவில் அன்று ஓடிக்கொண்டிருந்த 11 உலைகளில் 7 முழுவதுமாக நின்றன. மற்ற நான்கும் நிற்கவில்லை. ஹூரன் ஏரிக்கரையில் உள்ள புரூஸ் நிலையத்தில் மூன்று, டார்லிங்டன் நிலையத்தில் ஒன்று. வலையிலிருந்து கழன்றதும் அவை சுமார் 60 சதவீத ஆற்றலுக்கு இறங்கி அந்த அளவிலேயே ஓடிக்கொண்டிருந்தன. டர்பைனுக்குப் போகாத நீராவியை நேரே, அதைக் குளிர்வித்து நீராக்கும் கன்டென்சருக்குத் திருப்பிவிட்டார்கள். மணிக்கணக்காக வெப்பத்தை ஏரிக்குக் கொடுத்தது வீண்செலவுபோலத் தெரியலாம். அந்த 60 சதவீதம் செனானைத் தின்பதற்கான கூலி. வலையின் ஒரு முனை உயிர் பெற்றதும் அன்றிரவே அவை இணைக்கப்பட்டன. ஒன்ராறியோவின் மீட்புக்கு முதல் நாளிலேயே தோள் கொடுத்தவை இந்த நான்கும்தான். என் பணிக்காலத்தில் நான் கேள்விப்பட்ட வேலைகளில் இதைவிட அழகானது இல்லை என்பேன்.

கேள்வி (மார்க்கம்): அப்படியானால் மற்ற ஏழையும் அப்படியே வைத்திருந்திருக்கலாமே! அதைச் செய்யாதது தோல்வி இல்லையா?

இல்லை. இதில் நான் பிடிவாதக்காரன். வலை சரியும்போது மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் தாறுமாறாகத் துள்ளும். பாதுகாப்புக் கருவி வைத்த எல்லையைத் தாண்டினால் உலை நிற்க வேண்டும், அதுதான் ஒப்பந்தம். டார்லிங்டனில் ஒரே மாதிரியான நான்கு உலைகள், ஒன்றுதான் தங்கியது. சில நொடிகளின் வித்தியாசம் அவ்வளவு செய்யும். "ஊருக்கு மின்சாரம் வேண்டுமே" என்று தயங்கும் உலையைவிட, சந்தேகம் வந்தால் நிற்கும் உலைக்குப் பக்கத்தில் குடியிருக்கவே நான் விரும்புவேன். குடியும் இருக்கிறேன்.

கேள்வி (பிராம்டன்): பிறகு முதலில் எழுந்தது எது?

நீர்மின்சாரம். நயாகராவிலும் சென் லோரன்ஸ் ஆற்றிலும் இருந்த நீர்மின் நிலையங்களைச் சுற்றி ஒரு சிறு தீவுபோல வலையின் ஒரு துண்டு அணையாமல் இருந்தது. அதிலிருந்து கம்பி கம்பியாக உயிரூட்டினார்கள். மதகைத் திறந்தால் சுழலும் யந்திரத்துக்கு அதிகம் கெஞ்ச வேண்டியதில்லை. இருண்ட வலையை எழுப்ப அணுஉலையை எதிர்பார்ப்பது, பந்தலே போடாத வீட்டில் சம்பந்தியைத் தேடுவது போல. அது கடைசியில் வரும் விருந்தாளி.

கேள்வி (இராதாபுரம்): நாங்கள் கூடங்குளத்துக்குப் பக்கத்து ஊர். 2012இல் வட இந்தியா இருண்டதே, அதுபோல இங்கே நடந்தால்?

2012 ஜூலை 30, 31 தேதிகளில் வலை விழுந்தபோது தென்மாநிலங்கள் அதனோடு ஒரே தாளத்தில் ஒத்திசைந்து ஓடும் வலையில் இல்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் வழியாகத்தான் இணைந்தன. கூடங்குளத்தின் முதல் உலையும் 2013இல்தான் ஓடத் தொடங்கியது. இன்றைக்கு நிலைமை வேறு. எல்லாம் ஒரே வலை.

கூடங்குளத்தில் டீசல்களுக்கும் அப்பால் ஓர் ஏற்பாடு உண்டு. நீராவியை வெளிக்காற்றால் குளிரும் குழாய்களுக்கு அனுப்பினால் அது நீராகித் தானே இறங்கி வரும். சூடானது மேலே, குளிர்ந்தது கீழே. பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். உங்கள் ஊரின் மற்றக் கவலைகளுக்கெல்லாம் இது பதிலாகாது, நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில்.

பம்பு இல்லாமலும் தண்ணீர் சுழலும் என்பதை இந்தியா ஒருமுறை பயத்தோடு பார்த்திருக்கிறது. 1993 மார்ச் 31, உத்தரப் பிரதேசத்தின் நரோரா. டர்பைன் இறக்கை உடைந்து தீப்பிடித்தது, கேபிள்கள் எரிந்தன, அவசர மின்சாரமும் சேர்ந்து போனது. ஏறத்தாழ 17 மணி நேரம் நிலையம் முழு இருட்டில். தீயணைப்புக்கு வைத்திருந்த டீசல் பம்புகளால் நீராவிக் கலங்களுக்குத் தண்ணீர் ஊட்டி உலையைக் காப்பாற்றினார்கள். அதற்காக வடிவமைத்த பம்பு அல்ல. கைக்குக் கிடைத்த பம்பு.

கேள்வி (யாழ்ப்பாணம்): 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு துணைநிலையத்துக்குள் போய் நாட்டையே இருளாக்கியது. இங்கே அணுமின் நிலையம் வந்தால் தாங்குமா?

குரங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பகல், தேவை குறைவு, வெயில் நல்லாய் அடித்துச் சூரிய மின்சாரம் அதிகம். பெரிய டர்பைன்களின் சுழல் கனம் (வேகத்தைச் சட்டென மாறவிடாத பாரம்) குறைந்த வலை, ஒரு தட்டுக்கே சாய்ந்தது.

அணுஉலைக்குப் பழைய விதி ஒன்று உண்டு: ஒரு தனி அலகு மொத்த வலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இலங்கை வலையின் அளவுக்கு 1,000 மெகாவாட் உலை பொருந்தவே பொருந்தாது. அது ஒருநாள் நின்றால் நாடே சாயும்; நாடு சாய்ந்தால் அதுவும் நிற்கும். சிறிய உலைகள் என்றால் பேசலாம், வலையைப் பலப்படுத்திய பிறகு.

கேள்வி (சென்னை): 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயின் இருண்டதே, அங்கே உலைகள் என்ன செய்தன?

நான்கு உலைகள் ஓடிக்கொண்டிருந்தன. நான்கும் நின்றன, டீசல்கள் தொடங்கின. 2003இன் அதே கதை.

கேள்வி (ஸ்காபரோ, பள்ளி மாணவி): அன்று ரொறன்ரோவிலிருந்து பால்வீதி தெரிந்தது என்று அம்மா சொல்கிறார். உண்மையா? நீங்கள் அப்போது நிலையத்தில் இருந்தீர்களா?

உண்மை. செவ்வாயும் அந்த மாதம் பூமிக்கு மிக அருகில் வந்துகொண்டிருந்தது. சிவப்பாகப் பெரிதாகத் தெரிந்தது. நான் நிலையத்தில் இல்லை, விடுமுறை. பால்கனியில் பாயைப் போட்டுப் படுத்திருந்தேன். இரவு வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஊரில் மின்சாரம் இல்லாவிட்டாலும் அது மட்டும் அடித்தது, தொலைபேசி நிலையத்திலும் பேட்டரிகள் உண்டு. நண்பர் ஒருவர் கட்டுப்பாட்டறையிலிருந்து, "காலையில் சீக்கிரம் வா, வரும்போது எல்லாருக்கும் சாப்பாடு கொண்டு வா" என்றார். அம்மா இடியப்பம் அவித்தது மெழுகுதிரி வெளிச்சத்தில், நல்ல வேளையாக எங்கள் வீட்டில் எரிவாயு அடுப்பு.