டவுட்டா, கொஸ்டினா, சஸ்பெக்டா?

வணக்கம். லண்டன் வாடிக்கையாளருக்கு ‘ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் எஸ்டிமேட்’ என்று எழுதியதும் அவர் மனம் கோணிப் பதில் போட்டதாகச் சொல்கிறீர்கள். நம் ‘சந்தேகம்’ இரண்டு வேலை செய்கிறது: விளங்காததைக் கேட்பது, நம்பாமல் பார்ப்பது. இந்திய ஆங்கிலத்தில் டவுட்டும் அப்படியே. பிரிட்டனிலோ அது பெரும்பாலும் நம்பாமைதான். உங்கள் கணக்கில் எனக்கு நம்பிக்கையில்லை என்றே அவர் படித்திருப்பார். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின் அபௌட் தி எஸ்டிமேட்’ என்று எழுதுங்கள். ‘இன்’ வேண்டாம், ‘அபௌட்’. கொஸ்டினுக்குப் பதில் க்வெரி என்ற சொல்லையும் போடலாம்தான், ஆனால் பில் விஷயத்தில் யோசித்துப் போடுங்கள். அங்கே அது தொகையை ஆட்சேபிப்பதாகவும் படும்.

இதைவிட ஆபத்து வினைச்சொல்லில் இருக்கிறது. ‘அவர்தான் ஃபைலை அழித்திருப்பார் என்று சந்தேகப்படுகிறேன்’ என்பதை ‘ஐ டவுட் ஹி டெலீட்டட் இட்’ என்று எழுதினால் பொருள் தலைகீழ்: அவர் அழித்திருக்க மாட்டார் என்றாகிவிடும்! அங்கே வரவேண்டியது சஸ்பெக்ட். அது குற்றத்துக்கு மட்டுமான சொல் என்று பயப்பட வேண்டாம். ‘ஐ சஸ்பெக்ட் தி கேபிள் இஸ் லூஸ்’ என்பது சாதாரண ஊகம்.