புதுச்சேரியில் வேலை: வில்லியனூர், பாகூர், கோட்டக்குப்பம், கடலூர், இதில் எங்கே குடியேறலாம்?

கேள்வியின் சுருக்கம் இது: சேலத்திலிருந்து மாற்றலாகி வருகிறீர்கள், அலுவலகம் நெல்லித்தோப்புப் பக்கம். மனைவி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், சர்க்கரையும் கண்புரையும் உள்ள அம்மா. நகரத்துக்குள் வாடகை கட்டுப்படியாகவில்லை. இந்த நாலு ஊரில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். இரு சக்கர வண்டியில்தான் போய்வருவதாக உத்தேசம்.

நான் பிறந்தது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். வேலை புதுச்சேரியில். கல்யாணத்துக்கு முன்பு கடலூரிலிருந்தே போய்வந்தேன், இப்போது குடும்பத்தோடு வில்லியனூரில் இருக்கிறேன். ஆகவே பதிலில் வில்லியனூர்ப் பாசம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

ஊரைப் பார்ப்பதற்கு முன்னால் ரோட்டைப் பாருங்கள். நீங்கள் சொன்ன ஊர்கள் ஆளுக்கொரு ரோட்டில் இருக்கின்றன. கடலூர் ரோட்டில் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், அங்கிருந்து உள்ளே தள்ளி பாகூர், கடைசியில் கடலூர். விழுப்புரம் ரோட்டில் மூலக்குளம், அரும்பார்த்தபுரம், வில்லியனூர், இன்னும் மேற்கே போனால் மதகடிப்பட்டு. வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பம். காலை எட்டரை மணிக்கு எந்த ரோடு எப்படி இருக்கும் என்பதுதான் உங்கள் தினசரி வாழ்க்கை. கூகுள் மேப் காட்டும் கிலோமீட்டரை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தவளக்குப்பம் வரை வந்து சேரும் நேரமும், அங்கிருந்து முருங்கப்பாக்கம், மரப்பாலம் தாண்டி ஊருக்குள் நுழையும் நேரமும் பல நாட்களில் ஒன்றாகவே இருக்கும். அரியாங்குப்பம் ஆற்றுப்பாலத்துக்கு இந்தப் பக்கம் சேரும் வண்டிகள் அத்தனையும் ஒரே வாயில் புகவேண்டும். சனி, ஞாயிறு என்றால் சுண்ணாம்பாறு படகுக் குழாமுக்கு வரும் சுற்றுலாக் கார்களும் சேர்ந்துகொள்ளும். தினமும் இதில் பைக் ஓட்டினால் முதுகு போய்விடும்.

பஸ் உண்டு, தாராளமாகவே உண்டு. கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றால் 'பாண்டி, பாண்டி, பாண்டி' என்று கூவி உங்களை ஏற்றாமல் விடமாட்டார்கள். தனியார் பஸ் என்றால் பாட்டுச் சத்தத்தில் போன் பேச முடியாது, அது வேறு விஷயம். காலை நேரத்தில் ஆல்பேட்டை தாண்டும்போதே உட்கார இடம் இருக்காது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. டாக்டர்கள் போடும் வெள்ளைக் கோட்டு ஒன்றை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பக்கத்தில் போய் நின்றுகொள்ளுங்கள். அவர்களெல்லாம் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் மெடிக்கல் காலேஜ்களுக்குப் போகிறவர்கள், வழியிலேயே இறங்கிவிடுவார்கள். ஃபைல் கவரோடு இருப்பவர் பக்கத்தில் நின்றால் புது பஸ் ஸ்டாண்டு வரை நின்றே போக வேண்டியதுதான்.

ரயில் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நேரடி ரயில் பாதை கிடையாது. கடலூர் விழுப்புரம்–மயிலாடுதுறை பாதையில் இருக்கிறது. புதுச்சேரி விழுப்புரத்திலிருந்து பிரியும் கிளைப் பாதை, 1879-இல் போட்டது. வில்லியனூரில் ஸ்டேஷன் உண்டு, ஆனால் வண்டிகள் அலுவலக நேரத்தை நம்பி இருக்கும் அளவுக்கு இல்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குக் கடலோரப் பாதை என்பது பல வருஷப் பேச்சு. மனை விற்கும் நோட்டீஸில் அந்த ஸ்டேஷன் எப்போதோ கட்டி முடிக்கப்பட்டுவிட்டது.

அடுத்தது எல்லை. வெளியூரிலிருந்து வருபவர்கள் இதைத்தான் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த கிராமங்கள்தான் இன்றைய புதுச்சேரி. அவை ஒட்டுமொத்தமாக ஒரே இடத்தில் இல்லை, தமிழ்நாட்டுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. கடலூர் ரோட்டில் முள்ளோடையில் வரிசையாகச் சாராயக் கடைகள் தெரிந்தால் புதுச்சேரி, ரெட்டிச்சாவடி வந்துவிட்டால் தமிழ்நாடு. புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்திலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம். அதைவிட வெகு தூரத்தில் இருக்கும் பாகூர் புதுச்சேரி.

இது பெட்ரோல் சில ரூபாய் குறைவு என்ற அளவில் முடியும் விஷயமில்லை. உங்கள் மகள் படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன, தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மாநிலப் பாடத்திட்டம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. புதுச்சேரியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீதம் தனியாக இருக்கிறது. ஆனால் அங்கே சென்டாக் என்ற மாணவர் சேர்க்கைக் குழு வழியாகச் சேரக் குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும், போன வருஷம் குடிவந்தோம் என்றால் கிடைக்காது. மூன்றாம் வகுப்பு என்பதால் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிக்கொண்டிருந்தால் இரண்டும் கைவிட்டுப் போகும். உங்கள் மனைவிக்கு மகளிர் உரிமைத்தொகை வருகிறதென்றால் அது தமிழ்நாட்டு ரேஷன் அட்டையோடு சேர்ந்தது. அட்டையை மாற்றுவதற்கு முன் வீட்டில் பேசிவிடுங்கள், இல்லையென்றால் அந்த 1,000 ரூபாய்க்குத் தினமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, இப்போது தண்ணீர். வீடு பார்ப்பவர்கள் வாடகையும் அட்வான்சும் பேசி முடித்துவிட்டு வருகிறார்கள். இந்தப் பகுதியில் முதலில் கேட்கவேண்டியது ஐப்பசி, கார்த்திகையில் அந்தத் தெரு எப்படி இருக்கும் என்பது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது. அது காற்று. ஓட்டுக் கூரையும் கல்நார்க் கூரையும் போயின, மின்சாரம் வருவதற்குள் போதும் போதும் என்றானது. 2015 வெள்ளத்தில் கடலூர் மாவட்டம் மூழ்கியது ஊருக்கே தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அதோடு விடவில்லை. மழை நின்ற பிறகு சாத்தனூர் அணையைத் திறந்ததால் தென்பெண்ணை பெருகி, வானம் வெளுத்த நேரத்தில் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள்ளும் கடலூரில் ஆற்றையொட்டிய உச்சிமேடு, நாணமேடு போன்ற இடங்களுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. பெயரில் மேடு இருப்பதை நம்பாதீர்கள் என்று எங்கள் வீட்டில் ஒரு கிண்டல் உண்டு.

இங்கே வெள்ளம் இரண்டு வகை என்பதைக் கவனியுங்கள். ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் மாதிரி நகருக்குள் தேங்குவது மழைத் தண்ணீர். அது தாழ்வான மனை, அடைத்த வாய்க்கால் சம்பந்தப்பட்டது. தென்பெண்ணை, கெடிலம், சங்கராபரணி ஓரங்களில் வருவது எங்கோ மேற்கே பெய்த மழை. வீடூர் அணையில் தண்ணீர் திறந்தால் சங்கராபரணி ஓரத்தில் இருப்பவர்கள்தான் தூக்கம் கெடுவார்கள், தலைக்கு மேல் தூறல்கூட இருக்காது. ஆகவே வீடு மேட்டில் இருக்கிறதா என்பதோடு, எந்த ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

வீட்டுக்காரரிடம் கேட்டால் 'தண்ணியா, இங்கயா, வரவே வராதுங்க' என்பார். சுவரைப் பாருங்கள். முழங்கால் உயரம் வரைக்கும் மட்டும் புதுப் பெயின்ட் அடித்து மேலே பழைய நிறமாக இருந்தால் அதுதான் பதில். மின் மீட்டர் பெட்டியை யாருக்கும் எட்டாத உயரத்தில் தூக்கி மாட்டியிருந்தாலும் அப்படியே. வாசலில் நின்று தெருவைப் பாருங்கள், ரோட்டின் மேல் ரோடு போட்டு வீடு பள்ளமாகிப் போயிருக்கும். ரோட்டிலிருந்து படி ஏறி உள்ளே போகவேண்டும், இறங்கிப் போகும் வீடு வேண்டாம். பிறகு தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து 'அண்ணே, ஃபெஞ்சல்ல இங்க எதுவரைக்கும் வந்துச்சு' என்று கேளுங்கள். தொடையிலோ இடுப்பிலோ கையை வைத்துக் காட்டுவார்.

அந்த டீக்கடையிலேயே குடிதண்ணீரையும் விசாரித்துவிடலாம். கடற்கரையை ஒட்டிய பக்கங்களில் போர்த் தண்ணீர் உப்பு. பாத்ரூம் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கும், சோப்பு நுரைக்காது, ஒரு வருஷத்தில் ஹீட்டர் போய்விடும். மேற்கே போகப் போகத் தேவலாம்.

இனி ஊர்கள். கோட்டக்குப்பம் தூரத்தால் ஜெயிக்கும். நகராட்சி, கடைகண்ணி எல்லாம் உண்டு, ஊரும் நல்ல ஊர். ஆனால் முத்தியால்பேட்டை வழியாகத்தான் நுழையவேண்டும், வார இறுதியில் சென்னைக் கார்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைத்துக்கொள்ளும். கடலை ஒட்டிய தெருக்களில் மண்ணரிப்பும் உண்டு. பிரதான சாலைக்கு மேற்கே வீடு கிடைத்தால் யோசிக்கலாம்.

பாகூர் எனக்குப் பிடித்த ஊர். ஏரி, பங்காரு வாய்க்கால் பாசனம், சோழர் காலத்து மூலநாதர் கோயில், நெல் வயல் என்று பார்க்கவே மனசு நிறையும். ஓய்வு பெற்றவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். உங்களுக்குச் சொல்லமாட்டேன். கடலூர் ரோட்டுக்கு வந்து சேரவே ஒரு பயணம், அப்புறம் முருங்கப்பாக்கம். அம்மாவுக்கு ராத்திரி மூச்சுத் திணறினால் யோசிக்க வேண்டியிருக்கும்.

கடலூர் உங்கள் நாலில் ஒரே உண்மையான ஊர் என்பேன். மாவட்டத் தலைநகரம், மஞ்சக்குப்பத்தில் அரசு மருத்துவமனை, தேவனாம்பட்டினம் கடற்கரை, திருப்பாதிரிப்புலியூரில் நல்ல கடைவீதி, சென்னைக்கு ரயில். ஒருவர் புதுச்சேரியிலும் இன்னொருவர் நெய்வேலி, சிதம்பரம் பக்கமும் வேலை பார்க்கும் வீடுகளுக்கு இதைவிடச் சரியான இடமில்லை. ஓ.டி. என்கிற பழைய கடலூர்ப் பக்கம் போவதானால் தெற்கே இருக்கும் ரசாயனத் தொழிற்சாலைகளின் நெடி எந்தக் காற்றில் வரும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஒருவர்தான் வேலைக்குப் போகிறீர்கள், அதுவும் நெல்லித்தோப்புக்கு என்றால், தினமும் அவ்வளவு தூரம் எதற்கு?

அதனால் என் பதில் வில்லியனூர். பத்துக் கிலோமீட்டர் சுற்றுவட்டம். அரும்பார்த்தபுரத்தில் மேம்பாலம் வந்த பிறகு ரயில்வே கேட் தொல்லை இல்லை, இந்திரா காந்தி சிலை சிக்னல் மட்டும்தான் பொறுமையைச் சோதிக்கும். நெல்லித்தோப்பு அங்கிருந்து பக்கம். ஜிப்மருக்கு ஊருக்குள் நுழையாமல் மூலக்குளம், மேட்டுப்பாளையம் வழியாகக் கோரிமேடு போய்விடலாம், சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். திருக்காமீசுவரர் கோயில் தேர், மாதா கோயில் திருவிழா என்று ஊரும் ஊராக இருக்கிறது. குறை இல்லாமல் இல்லை. மாட வீதிகளில் கார் நிறுத்த இடம் கிடைக்காது, தேர் நாளில் பைக்கையும் மறந்துவிடலாம். புது நகர்களில் சில வயலை மூடிப் போட்டவை, மேலே சொன்ன சுவர்ப் பரிசோதனை அங்கெல்லாம் கட்டாயம். சங்கராபரணிக் கரையை ஒட்டி வேண்டாம், ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் நடுவில் பாருங்கள்.

அம்மாவின் கண்ணுக்கு மட்டும் கடலூர் ரோட்டுக்குப் போகவேண்டும், அரவிந்த் கண் மருத்துவமனை தவளக்குப்பத்தில் இருக்கிறது. காலையிலேயே போய் வரிசையில் உட்கார்ந்துவிடுங்கள்.

வாங்குவதா வாடகையா என்று இப்போதே குழம்பாதீர்கள். புரட்டாசிக்குள் வாடகைக்கு வந்துவிட்டால் ஒரு மழைக்காலம் கண்ணால் பார்த்துவிடலாம், மனை பார்ப்பதெல்லாம் தை பிறந்த பிறகு. புதுச்சேரிப் பக்கம் குழிக் கணக்கில் விலை சொல்வார்கள். ஒரு குழி 576 சதுர அடி, சென்ட் என்று நினைத்துப் பேரம் பேசிவிடாதீர்கள்.

வண்டிப் பதிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்து ஓட்டினால் பதிவை மாற்றவேண்டும் என்பது சட்டம். வில்லியனூரில் பாதி வண்டி டிஎன் நம்பரில்தான் ஓடுகிறது என்பது நிஜம்தான். இருந்தாலும் சேலத்தை விட்டுக் கிளம்பும் முன்பே அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கிவிடுங்கள். அதற்காக மட்டும் மறுபடி சேலம் போக லீவு கிடைக்காது.