நான்காண்டு விசாவும் ஐந்தாண்டுக் கணக்கும்

கேள்வி: சென்னையிலுள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்று என்னைத் தன் ஜோகன்னஸ்பர்க் கிளைக்கு மாற்றி மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. நிறுவனத்துக்குள் பணிமாற்றம் பெறுவோருக்கான நான்காண்டு ஐ.சி.டி. விசாவில், மனைவியுடனும் ஆறு வயது மகளுடனும் மிட்ராண்டில் வசிக்கிறேன். விசா முடியப் பதினோரு மாதங்கள் உள்ளன. பொறியியல் பட்டம் பெற்று ஒன்பது ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். அதில் பதினான்கு மாதங்கள் மலேசியாவில். இந்த விசாவை ஓராண்டு நீட்டித்தால் ஐந்தாண்டுகள் நிறைந்து பி.ஆர். எனும் நிரந்தர வசிப்புரிமை கிடைத்துவிடும் என்றும், 85,000 ராண்ட் கொடுத்தால் ஆறு மாதத்தில் முடித்துத் தருவதாகவும் ஃபோர்ட்ஸ்பர்க்கில் ஒரு முகவர் கூறுகிறார். 20,000 ராண்ட் முன்பணமும் கொடுத்துவிட்டேன். உண்மையில் எவ்வளவு செலவாகும்? எத்தனை காலம் காத்திருக்க வேண்டும்?

பதில்: செலவையும் காலத்தையும் சொல்வதற்கு முன், அந்த முகவர் கட்டிய கோட்டையின் அடிக்கல்லே இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஐ.சி.டி. விசா நான்கு ஆண்டுகளுக்கு மேல் வழங்கப்படுவதில்லை. அதை நீட்டிக்கவும் இயலாது. ஆகவே ‘இன்னும் ஓராண்டு நீட்டித்து ஐந்தாக்குவோம்’ என்ற பேச்சு ஒன்று அறியாமை, அல்லது அறிந்தே சொன்ன பொய். இருபது ஆண்டுகளாக டர்பனில் இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில், இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம் என்பேன்.

இதனால் மனம் தளர வேண்டாம். உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அது முகவர் காட்டிய வழி அன்று. 2002-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் ‘ஐந்தாண்டு’ என்ற சொல்லை மையமாகக் கொண்டு இரண்டு வெவ்வேறு வாயில்கள் இருக்கின்றன. நம்மவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் முகவர்களின் பிழைப்பு ஓடுகிறது. முதல் வாயில் 26(அ) பிரிவு. அதன்படி, இந்நாட்டின் வேலை விசாவை ஐந்து ஆண்டுகள் வைத்திருந்தவர், நிரந்தர வேலைக்கான உறுதிக் கடிதத்துடன் விண்ணப்பிக்கலாம். இங்கே எண்ணப்படுவது விசாவின் ஆண்டுகள். இரண்டாம் வாயில் 27(ஆ) பிரிவு. அரசு வெளியிட்டுள்ள அரிய திறன்களின் பட்டியலில் இடம்பெற்ற தொழிலைச் செய்பவர், படிப்பு முடிந்தபின் ஐந்து ஆண்டுகள் அத்தொழிலில் பணியாற்றியதைச் சான்றுகளுடன் காட்டினால், விண்ணப்பிக்கத் தகுதி பெறுகிறார். இங்கே எண்ணப்படுவது அனுபவத்தின் ஆண்டுகள்; அது சென்னையில் பெற்றதாகவும் இருக்கலாம், கோலாலம்பூரில் பெற்றதாகவும் இருக்கலாம். உங்களிடம் விசாவின் ஆண்டுகள் மூன்றே இருக்கின்றன, அனுபவத்தின் ஆண்டுகளோ ஒன்பது இருக்கின்றன. முதல் வாயிலில் நின்று தட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இரண்டாம் வாயில் ஏற்கனவே திறந்திருக்கிறது என்பதை அந்த முகவர் ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பாருங்கள். இந்தப் பிரிவின் கீழ் வழங்கப்படும் உரிமையை நெருங்கிய குடும்பத்தினருக்கும் நீட்டிக்கலாம் என்பதால், மனைவியும் மகளும் உங்களுடனேயே விண்ணப்பிக்க முடியும்.

சொல்லைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. பி.ஆரைக் ‘குடியுரிமை’ என்று சொல்லும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அது நிரந்தர வசிப்புரிமை மட்டுமே. உங்கள் இந்தியக் கடவுச்சீட்டு உங்களிடமே இருக்கும். இங்கே வாக்களிக்க முடியாது. ‘குடியுரிமை வாங்கித் தருகிறேன்’ என்று ஒருவர் சொல்லும்போதே அவருக்குச் சட்டம் தெரியாது என்று முடிவுகட்டிவிடலாம்.

இனிச் செலவு. உள்துறைக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் ஒரு விண்ணப்பத்துக்கு 1,520 ராண்ட். விண்ணப்பத்தைப் பெறும் வி.எஃப்.எஸ். மையத்தின் சேவைக் கட்டணம் 1,550 ராண்ட். ஆக, ஒருவருக்கு 3,070. நீங்கள் மூவர் என்பதால், முதலில் எடுக்க வேண்டிய தற்காலிக விசாக்களுக்கு (ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்) 9,210 ராண்டும், பின்னர் பி.ஆருக்கு மீண்டும் அதே தொகையும், மொத்தம் 18,420 ராண்டும் ஆகும். பணம் கட்டும் நாளில் வி.எஃப்.எஸ். தளத்தில் கட்டணத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பட்டத்தை மதிப்பிடும் சாக்வா நிறுவனம், உங்கள் திறனை உறுதிசெய்யும் ஐ.ஐ.டி.பி.எஸ்.ஏ. என்ற தகவல் தொழில்நுட்பத் தொழில்முறை அமைப்பு, போலீஸ் சான்றுகள், மருத்துவச் சான்று, மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்கும் தனித்தனியே பணம் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினாலும் முகவர் கேட்ட 85,000-ஐ நெருங்காது. நல்ல வழக்கறிஞரை அமர்த்தினால் அவருக்கான ஊதியம் தனி. ஆனால் அது எதற்கான ஊதியம் என்பது எழுத்தில் இருக்கும், அரசுக் கட்டணத்துக்கு வி.எஃப்.எஸ். ரசீது தனியே கைக்கு வரும். இரண்டையும் ஒரே தொகையாக்கிச் சொல்பவரிடமிருந்து விலகியிருங்கள்.

இந்த முகவர்கள் எங்கிருந்து முளைத்தார்கள் என்று பலர் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் குடிவரவு ஆலோசகராகத் தொழில் செய்ய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. சட்டத்தின் 46-ஆம் பிரிவான அது, 2014-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் நீக்கப்பட்டது. அன்றிலிருந்து ஒரு மேசையும் வாட்ஸ்அப் எண்ணும் உள்ள எவரும் ஆலோசகர்தான். கோயில் அன்னதானப் பந்தியில் பக்கத்து இலைக்காரராக அறிமுகமாகி, நம் ஊர்ப் பெயரைச் சொல்லி, சாதியையும் விசாரித்து, ‘உள்ளே நமக்கு ஆள் இருக்கிறது’ என்பார்கள். இவர்களில் சிலர் செய்யும் மிக ஆபத்தான காரியம் ஒன்று உண்டு. காத்திருக்கும் காலத்துக்கு ‘இடைக்காலக் காகிதம்’ என்று சொல்லிப் புகலிடம் கோருவோருக்கான சான்றில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். சொந்த நாட்டில் துன்புறுத்தலுக்கு அஞ்சி வந்தவருக்கான ஏற்பாடு அது. மதுரைக்கு விடுமுறையில் போய் வருபவர் அதில் பெயர் எழுதினால் பொய் வாக்குமூலம் கொடுத்தவராகிறார். மற்றொரு காரியம், முறைப்படி வழங்கப்படாத விசாவைக் கடவுச்சீட்டில் ஒட்டிக் கொடுப்பது. போலி விசாவோடு பிடிபட்டவர் 29-ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டவர் ஆகிறார். அந்தத் தடைக்குக் கால எல்லை கிடையாது. உள்துறையின் தலைமை இயக்குநர் மனமிரங்கி நீக்கினால்தான் உண்டு. ‘நீங்கள் வர வேண்டாம், நானே முடித்துவிடுவேன்’ என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கைரேகையும் புகைப்படமும் எடுக்க விண்ணப்பதாரர் மையத்துக்கு நேரில் போயே ஆக வேண்டும்.

காலத்தைப் பற்றி எழுதும்போதுதான் எனக்குப் பொறுமை குறைகிறது. நீங்கள் முதலில் எடுக்க வேண்டிய தற்காலிக விசா, அரிய திறன்களின் பட்டியலில் உள்ள தொழிலைச் செய்பவருக்கான அரிய திறன் விசா; அதற்குச் சில மாதங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.ஆருக்கோ எட்டு முதல் பத்து மாதங்கள் என்று அறிவித்தார்கள். ஆண்டுகள் என்று படித்துக்கொள்வதே விவேகம். கொரோனாவைக் காரணம் காட்டி 2020 மார்ச்சில் நிறுத்திய பி.ஆர். விண்ணப்பங்களை 2022 ஜனவரியில்தான் மீண்டும் வாங்கத் தொடங்கினார்கள். 2024-இல் புதிய உள்துறை அமைச்சர் பொறுப்பேற்றபோது தற்காலிக விசா விண்ணப்பங்கள் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேல் தேங்கிக் கிடந்தன. அந்தத் தேக்கம் பெருமளவு தீர்க்கப்பட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால் விண்ணப்பித்தவரின் குழந்தை பள்ளி சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் காலத்தில், ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகாமலிருப்பதை எந்தப் புள்ளிவிவரத்தாலும் எனக்கு விளக்க முடியாது. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் டர்பன் வந்திறங்கிய சென்னை மாகாணத்துக் கூலிகளுக்கு உடனுக்குடன் எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றிய நாடு இது.

நீங்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. பி.ஆர். விண்ணப்ப ரசீது உங்களுக்கு இந்நாட்டில் தங்கும் உரிமையைத் தராது. தீர்ப்பு வரும்வரை ஒரு தற்காலிக விசா கையில் உயிரோடு இருக்க வேண்டும். அதனால்தான் முதலில் அரிய திறன் விசா, அதை வைத்துக்கொண்டே பி.ஆர். விண்ணப்பம் என்கிறேன். அரிய திறன் விசா ஐந்து ஆண்டுகள் வரை வழங்கப்படுவதால் காத்திருப்பை அது தாங்கும். தற்காலிக விசாவுக்கான முடிவு வராதவர்களுக்குத் துறை அவ்வப்போது சுற்றறிக்கை மூலம் சலுகை அளித்து வந்திருக்கிறது. ஆனால் அடுத்த சுற்றறிக்கையை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. விசா முடிந்தபின் முப்பது நாட்களுக்குள் வெளியேறினாலும் பன்னிரண்டு மாதங்களும், முப்பது நாட்களைத் தாண்டினால் ஐந்து ஆண்டுகளும் விரும்பத்தகாதவர் என அறிவிக்கப்பட்டு நுழைவு மறுக்கப்படும். அதை எதிர்த்து முறையிடப் பத்து வேலை நாட்கள்தான் உண்டு.

ஆகவே இன்றே தொடங்குங்கள், ஆனால் வரிசை மாறாமல். புதிய விண்ணப்பத்தை நடப்பு விசா முடிய அறுபது நாட்களுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். ஐ.சி.டி. விசாவிலிருந்து அரிய திறன் விசாவுக்கு இந்நாட்டிலிருந்தபடியே மாறலாம். முதலில் சாக்வா மதிப்பீடும் தொழில்முறை அமைப்பின் சான்றும். இவைதான் நேரம் தின்பவை. போலீஸ் சான்றுகளை முதலிலேயே எடுத்துவிடும் தவற்றைப் பலர் செய்கிறார்கள். அவை ஆறு மாதங்களுக்கு மேல் பழையனவாக இருக்கக் கூடாது; சாக்வா தாமதித்தால் அவை கையிலேயே காலாவதியாகும். பதினெட்டு வயதுக்குப் பின் பன்னிரண்டு மாதங்களோ அதற்கு மேலோ வசித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சான்று தேவை என்பதால் இந்தியா, தென்னாப்பிரிக்கா மட்டுமன்றி மலேசியாவும் உங்கள் கணக்கில் சேரும். பதினான்கு மாதத்தைச் சிறிய காலம் என்று விட்டுவிடாதீர்கள்.

பெயரில் தமிழர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பட்டச் சான்றில் முன்னெழுத்தோடு பெயர், கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராக விரிந்து நிற்கும், திருமணச் சான்றில் மூன்றாவது வடிவம். நமக்கு மூவரும் ஒருவரே. பிரிட்டோரியாவில் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு மூன்று பேர். ஒரே ஆள் என்பதற்கான உறுதிமொழிப் பத்திரத்தை முதலிலேயே இணைத்துவிடுங்கள். தமிழில் மட்டும் உள்ள சான்றுகளுக்குச் சத்தியப் பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில வடிவம் வேண்டும்.

அதைவிட அதிகமானோர் வழுக்கி விழும் இடம் பதவிப் பெயர். மென்பொருள் உருவாக்குநர் என்ற பணி பட்டியலில் இருக்கிறது. ஆனால் நம் நிறுவனங்கள் கடிதத்தில் ‘அசோசியேட் கன்சல்டன்ட்’ என்பது போன்ற, எதையும் குறிக்காத பட்டங்களைச் சூட்டுகின்றன. பட்டியலில் உள்ள பெயரும், வேலை ஒப்பந்தத்திலுள்ள பெயரும், பழைய அனுபவச் சான்றுகளில் விவரிக்கப்படும் பணியும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். செய்யாத வேலையைச் செய்ததாக எழுத வேண்டாம். செய்த வேலையை அதன் பெயராலேயே எழுதச் சொல்லுங்கள். நிறுவனத்தின் தென்னாப்பிரிக்கக் கிளை உங்களை இங்கேயே பணியமர்த்தி ஒப்பந்தம் தரச் சம்மதிக்குமா என்பதை இம்மாதமே மனிதவளத் துறையிடம் கேளுங்கள். மறுத்தால் வேறு நிறுவனம் தேடப் பதினோரு மாதம் தாராளமான காலம் அன்று.

உங்கள் பணி பட்டியலுக்குள் வராது என்று தெரியவந்தால், 2024 அக்டோபரில் வந்த புள்ளிமுறையின் கீழ்ப் பொது வேலை விசா உண்டு. நூறு புள்ளி வேண்டும். உங்கள் பட்டத்துக்கு 30, ஒன்பது ஆண்டு அனுபவத்துக்கு 20, ஆங்கிலத்துக்கு 10, ஆக 60. ஆண்டுச் சம்பளம் 9,76,194 ராண்டுக்கு மேலென்றால் 50 சேர்ந்து கடந்துவிடுவீர்கள். 6,50,976-க்கும் அதற்கும் இடைப்பட்டதென்றால் 20 மட்டுமே. நம்பகமான நிறுவனம் என அரசு ஏற்ற முதலாளியாக இருந்தால்தான் மேலும் 30 கிடைக்கும். மொழிக்கான புள்ளி ஆட்சிமொழிகளுக்கு மட்டுமே. போற்றப்பட வேண்டிய மொழிகளுள் ஒன்றாகத் தமிழை அரசியலமைப்பு பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலும் அதற்குப் புள்ளி இல்லை. இந்த விசாவில் வந்தால் பி.ஆருக்கு விசாவின் ஆண்டுகளை எண்ணும் முதல் வாயில்தான்.

பி.ஆர். கோப்பு காரணமின்றி ஆண்டுக்கணக்கில் முடங்கினால், 2000-ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றத்தை அணுகலாம். ‘முடிவெடு’ என்று நீதிமன்றம் கட்டளையிடும். ‘அனுமதி கொடு’ என்று கட்டளையிடுவது அரிது. செலவும் அதிகம். எனவே கோப்பில் குறையே இல்லை என்று உறுதியானபின் மட்டும் அதை நினையுங்கள்.

கொடுத்த 20,000-த்தை வாட்ஸ்அப்பில் அல்லாமல் கடிதமாக, தேதியிட்டு, எந்தப் பணிக்கு எவ்வளவு என்ற கணக்குடன் திருப்பிக் கேளுங்கள். அவரிடம் உங்கள் கையெழுத்திட்ட வெற்றுப் படிவமோ அதிகாரப் பத்திரமோ இருந்தால் பணத்துக்கு முன் அதைத் திரும்ப வாங்குங்கள். தர மறுத்தால் அந்த அதிகாரத்தை ரத்து செய்வதாக எழுத்தில் அறிவித்து, அதன் நகலை நீங்கள் கொடுக்கவிருக்கும் புதிய விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.