நிசேயாவில் ஓட்டுப் போட்டா கடவுளாக்கினார்கள்?

அன்புள்ள ஐயா,

நான் சிஎஸ்ஐ சபையில் வளர்ந்தவன். ஏசு ஒரு நல்ல போதகர் மட்டும்தான், 325ல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயா என்ற ஊரில் பிஷப்புகளின் மாநாடு கூட்டி ஓட்டெடுத்து அவரைக் கடவுளாக்கிவிட்டார் என்கிறார் அலுவலக நண்பர் ஒருவர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சரி, அவர் கடவுள் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் என்ன குறைந்துவிடும்? மலைப்பிரசங்கம் அப்படியேதானே இருக்கும்?

சா.

அன்புள்ள சா.,

நிசேயாவில் மாநாடு நடந்தது உண்மை, ஒரு தரப்பு தோற்றதும் உண்மை. ஆனால் அங்கே எழுந்த கேள்வி உங்கள் நண்பர் நினைப்பது அல்ல. எதிர்த்தரப்பின் தலைவரான ஆரியுஸ், அலெக்சாந்திரியாவில் குருவாக இருந்தவர், ஏசு வெறும் மனிதர் என்று ஒருபோதும் சொன்னதில்லை. உலகத்துக்கு முன்பே இருந்தவர், அவர் வழியாகத்தான் எல்லாம் உண்டானது என்பதெல்லாம் அவருக்கும் சம்மதம்தான். ஆனால் ஏசுவும் படைக்கப்பட்டவரே, படைப்புகளில் முதல்வர் என்றார். 'என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்' என்று யோவான் 14ல் ஏசுவே சொல்கிறார் அல்லவா, ஆரியுஸ் தரப்புக்கு அது வலுவான வசனம். ஆள் ஒன்றும் முட்டாள் இல்லை.

ஏசுவைக் கடவுளாக வணங்குவது அதற்கும் இருநூறு வருடம் முந்தைய பழக்கம். நிசேயா இருந்த பித்தினியா என்ற ரோம மாகாணத்துக்கே 112 வாக்கில் ஆளுநராக இருந்த பிளினி (நிசேயாவில் கட்டிக்கொண்டிருந்த நாடக அரங்கம் விரிசல் விடுகிறது என்றெல்லாம் பேரரசருக்கு எழுதிக்கொண்டிருந்த மனுஷன்) கிறிஸ்தவர்களைப் பிடித்து விசாரித்துவிட்டு அந்தப் பேரரசர் ட்ராஜனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்து முறைவைத்துப் பாடுகிறார்கள் என்கிறார். அவருக்குக் கிறிஸ்தவத்தின் மேல் துளி அபிமானம் கிடையாது, இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்துதான் விஷயத்தைக் கறந்தார். அதற்கும் முன்னால், சிலுவைச் சம்பவம் நடந்து சுமார் முப்பது வருடத்துக்குள், ஏசுவின் அப்போஸ்தலரான பவுல் சிறையிலிருந்து பிலிப்பி ஊர்ச் சபையாருக்கு எழுதும்போதே 'தேவனுடைய ரூபமாயிருந்தும்' என்று போகிறபோக்கில், ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி மாதிரி எழுதுகிறார்.

பேரரசர் ஆக்கிய கடவுள் என்பதும் இடிக்கிறது. 337ல் சாகக் கிடந்த கான்ஸ்டன்டைனுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததே ஆரியுஸின் பழைய ஆதரவாளரான ஒரு பிஷப்தான். கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டன்டியஸ் ஆரியுஸ் பக்கம் இன்னும் சாய்ந்தார். ஏசு படைக்கப்பட்டவர் அல்ல, கடவுளேதான் என்ற நிசேயா தீர்மானத்தை விடாப்பிடியாகக் காத்த அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியுஸை ஐந்து முறை ஊரைவிட்டுத் துரத்தினார்கள்.

அப்புறம் உங்கள் இரண்டாவது கேள்வி. அதுதான் நல்ல கேள்வி.

மாற்கு 2ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கப்பர்நகூமில் ஒரு வீடு, வாசலில் நிற்கக்கூட இடமில்லை. நாலு பேர் கூரையைப் பிரித்து கைகால் விளங்காத ஒரு திமிர்வாதக்காரனைப் படுக்கையோடு இறக்குகிறார்கள். ஏசு அவனைக் குணமாக்குவதற்கு முன்னால், உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டது என்கிறார். அங்கே உட்கார்ந்திருந்த வேதபாரகர்களுக்கு, அதாவது யூத வேத பண்டிதர்களுக்கு, சுருக்கென்கிறது: தேவன் ஒருவரைத் தவிர யார் பாவத்தை மன்னிக்க முடியும்? அவர்கள் கேட்பது நியாயம்தானே. உங்களிடம் கடன் வாங்கியவனைப் பார்த்து, தள்ளுபடி செய்துவிட்டேன் போ என்று நான் சொல்ல முடியுமா?

மலைப்பிரசங்கம் அப்படியே இருக்கும் என்பதில் பாதி உண்மை. இருக்காமல் போவது சிலுவை. ஆரியுஸ் சொல்வதுபோல அவர் படைப்பு என்றால், கடவுள் மேலே பத்திரமாக இருந்துகொண்டு வேறொருவரை அடிபடக் கீழே அனுப்பினார் என்று ஆகிறது. மன்னிப்பின் செலவு இன்னொருவர் தலையில். கடவுளே இறங்கி வந்தார், அவரே தாங்கிக்கொண்டார் என்றால் கதையே வேறு. அத்தனாசியுஸ் அத்தனை வருடம் அலைந்தது இந்த வித்தியாசத்துக்காகத்தான், ஏதோ தத்துவ நுணுக்கத்துக்காக அல்ல. படைக்கப்பட்ட ஒன்று இன்னொரு படைப்பைக் கடவுளோடு சேர்க்க முடியாது என்பது அவர் வாதத்தின் கரு.

உங்கள் நண்பர் போதகர் மட்டும் போதும் என்று இருக்கலாம், தப்பில்லை. காந்தியும் மலைப்பிரசங்கத்தில் மனம் கரைந்தவர், ஆனால் ஏசு மட்டுமே கடவுளின் அவதாரக் குமாரன் என்பதைத் தன்னால் நம்ப முடியவில்லை என்று சுயசரிதையிலேயே எழுதிவிட்டு, கிறிஸ்தவராகாமலே இருந்தார். அது ஒரு நேர்மையான நிலைப்பாடு. உங்கள் நண்பரும் அந்த இடத்தில் நிற்கட்டும், கான்ஸ்டன்டைனை மட்டும் சாட்சிக்கு இழுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்.