பழைய காரும் ஒன்பது இஎம்ஐயும்

கேள்வி: சார், எங்கிட்ட 13 வருஷ பழைய கார் இருக்கு. இஞ்சின் இன்னும் நல்லாதான் ஓடுது. மெக்கானிக்கிட்ட விடாம எல்லா வேலையும் வீட்டுலயே நானே பாக்குறேன், எனக்கு அது பிடிச்ச விஷயமும் கூட. போன வருஷம் முதல்ல டச் ஸ்கிரீன் மாட்டினேன், அப்புறம் எல்இடி லைட். அதுக்கப்புறம் நாலஞ்சு நாள் வண்டிய எடுக்காம விட்டா ஸ்டார்ட் ஆக இழுக்க ஆரம்பிச்சுது, பேட்டரி மாத்தினேன், சரியாகல, அல்டர்னேட்டர் மாத்தினேன், அப்பவும் சரியாகல, இப்ப ஸ்டார்ட்டர் மோட்டார் ஆர்டர் போடலாமான்னு பாத்துட்டிருக்கேன். நடுவுல டூல் செட்டு, சஸ்பென்ஷன், அலாய் வீல் (இன்னும் பெட்டியே பிரிக்கல). எல்லாமே கார்டுல இஎம்ஐ, முக்கால்வாசி வட்டியில்லா இஎம்ஐதான். என் மச்சானும் அவன் வண்டிக்கு என் கார்டுல ரெண்டு பொருள் வாங்கினான், ரெண்டு மாசம் பணம் தந்தான், இப்ப கேட்டா பேச்ச மாத்துறான். மொத்தம் ஒன்பது இஎம்ஐ ஓடுது. வீட்டுல மூணுதான் தெரியும். பேங்க்ல இருந்து எல்லாத்தையும் சேர்த்து ஒரே பர்சனல் லோனா மாத்தித் தர்றோம்னு போன் பண்றாங்க. அத எடுக்கலாமா, இல்ல இந்த கார வித்துட்டு லோன் போட்டு புது கார் வாங்கிடலாமா? ராத்திரி தூக்கம் வரல.

பதில்: பழைய கார நீங்களே ரிப்பேர் பண்றது தப்பே இல்ல, சொல்லப்போனா அது நல்ல சிக்கனம், லேபர் காசு மிச்சம். அதனால கார குத்தம் சொல்ல வேண்டாம், உங்க ஆர்வத்தையும் குத்தம் சொல்ல வேண்டாம். பிரச்சனை ஒண்ணே ஒண்ணுதான், பார்ட்ஸ தவணையில வாங்குறது. வட்டி போகுதேன்னு மட்டும் இத சொல்லல, வட்டிக்கு பின்னாடி வர்றேன். உங்க விஷயத்துல தவணை பண்ண பெரிய கெடுதல் வேற.

நீங்க எழுதின வரிசைய மறுபடி பாருங்க. டச் ஸ்கிரீன் மாட்டினீங்க, அதுக்கப்புறம்தான் வண்டி இழுக்க ஆரம்பிச்சிருக்கு, அதுவும் நாலஞ்சு நாள் நின்னா மட்டும். தினமும் ஓட்டுற வாரத்துல இந்த பிரச்சனை வந்ததா நீங்க எழுதவே இல்ல. வீட்டுல இவ்வளவு வேலை பாக்குற ஆளுக்கு இத படிக்கும்போதே உறைக்கணும். வண்டி ஆஃப்ல இருக்கும்போது ஏதோ ஒண்ணு பேட்டரிய குடிச்சிட்டிருக்கு. எப்பவும் கரண்ட் இருக்குற வயரையும் சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற வயரையும் ஸ்கிரீனுக்கு பின்னாடி ஒண்ணா சேர்த்து மாட்டிட்டா அது தூங்கவே தூங்காது. எல்லாம் ஆஃப் பண்ணி அரை மணி நேரம் விட்டுட்டு, மல்டிமீட்டர ஆம்பியர்ல வச்சு பேட்டரி நெகட்டிவ் லைன்ல தொடரா கோர்த்து பாருங்க, பொதுவா 50 மில்லிஆம்பியருக்குள்ள இருக்கணும். அரை ஆம்பியர் காட்டுச்சுன்னா ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் அவர் போகுது, 45 ஆம்பியர் அவர் பேட்டரி நாலு நாள்ல காலி. புது பேட்டரியா இருந்தாலும் காலிதான், புது அல்டர்னேட்டர் இருந்தாலும் காலிதான், ஏன்னா அல்டர்னேட்டர் பேட்டரிய சார்ஜ் பண்றதே இஞ்சின் ஓடும்போதுதான். ஒவ்வொரு ஃபியூஸா கழட்டிப் பாத்தா எந்த ஃபியூஸ எடுத்தப்ப மீட்டர் டபக்குனு இறங்குதோ அங்கதான் கோளாறு. ஸ்கிரீன் இல்லைன்னா கூட அந்த ஃபியூஸ் எதுன்னு தெரிஞ்சுடும், அதுக்கப்புறம் தேட வேண்டிய இடம் சின்னதாயிடும். செலவு சுத்தமா ஒண்ணும் இல்ல.

இது உங்களுக்குத் தெரியாத விஷயம்னு நான் நினைக்கல. தெரிஞ்சும் ஏன் செய்யல? ஆர்டர் போடறது சுலபமா இருந்துச்சு, அதான். கையில இருந்து மொத்தமா காசு எடுத்து வைக்கணும்னா அல்டர்னேட்டர் வாங்குறதுக்கு முன்னாடி யாரா இருந்தாலும் ஒரு சாயங்காலம் உக்காந்து மீட்டர் வச்சுப் பாத்திருப்பாங்க. மாசம் கொஞ்சம்தானேன்னு தோணும்போது கோளாறு எதுன்னு பாக்குறதுக்கு முன்னாடியே பார்ட்டு வீட்டுக்கு வந்துடுது. இப்படி யூகத்துல வாங்கின பேட்டரி ஒண்ணு, அல்டர்னேட்டர் ஒண்ணு, மூணாவதா ஸ்டார்ட்டர் மோட்டார் வரிசையில நிக்குது. அந்த ஆர்டர இப்பவே நிறுத்துங்க, மீட்டர் வச்சுப் பாக்கற வரைக்கும் எதையும் வாங்காதீங்க.

இப்ப கணக்குக்கு வருவோம். நீங்க அனுப்பின தொகைய அப்படியே போடாம, படிக்கிற எல்லாருக்கும் புரியற மாதிரி உங்க மாச சம்பளத்த 100னு மாத்திக்கிட்டேன். வீட்டு செலவு 70, ஒன்பது இஎம்ஐ சேர்த்து 22, மிச்சம் 8. இன்னும் கட்ட வேண்டிய பாக்கி மொத்தம் சுமார் 150, அதாவது ஒன்றரை மாச சம்பளம். அந்த 22ல மச்சானோட பங்கு 7. அவன் தந்தா உங்க கையில மாசம் 15 நிக்கும், தராததால 8தான் நிக்குது. இது சின்ன விஷயம் இல்ல.

வட்டியில்லா இஎம்ஐன்னு ரொம்ப நம்பிக்கையா எழுதியிருக்கீங்க, இத கேட்டாலே எனக்கு கொஞ்சம் பொறுமை போயிடும். வட்டி இல்லாம யாரும் கடன் தர மாட்டாங்க, அது எங்க ஒளிஞ்சிருக்குன்னுதான் பாக்கணும். ஒரே பொருள் மொத்தமா காசு கட்டினா தள்ளுபடி போக 94க்கு கிடைக்குது, தவணைன்னா 100, ஆறு மாசத்துல கட்டணும்னு வைங்க. 6தானே அதிகம்னு தோணும். ஆனா அந்த 94 ஆறு மாசமும் முழுசா உங்க கையில இல்லையே, மாசாமாசம் திருப்பிக் கட்டிட்டே வர்றீங்க. அத கணக்குல எடுத்தா வருஷத்துக்கு 21 சதவீதத்துக்கு மேல வட்டி வருது. வெளிப்படையா வட்டி போடறதும் அப்படித்தான், வருஷத்துக்கு 12 சதவீதம் ஃபிளாட்னு சொல்லி 100க்கு 112 வாங்குவாங்க, குறையற பாக்கிக்கு கணக்கு போட்டா கிட்டத்தட்ட 21, 22. அதுல 2 சதவீதம் பிராசசிங் ஃபீஸ முன்னாடியே பிடிச்சுட்டா 25 சதவீதத்த தொட்டுடும். பயன்படுத்தப் பயன்படுத்த மதிப்பு இறங்கற ஒரு பொருளுக்கு இந்த வட்டி. டச் ஸ்கிரீனும் அலாய் வீலும் போட்டதுக்காக பழைய கார வாங்க வர்றவங்க போட்ட காசுல பாதி கூட சேர்த்துத் தர மாட்டாங்க.

பேங்க் சொல்ற ஒரே லோன். கேக்க நல்லா இருக்கும், 150ஐ மூணு வருஷத்துக்கு 15 சதவீதத்துல போட்டா மாசம் 5.2தான் வரும், 22 இருந்த இடத்துல 5.2ன்னா நிம்மதியாத்தான் இருக்கும். ஆனா மொத்தம் 187 கட்டுவீங்க, 37 கூடுதல், பிராசசிங் ஃபீஸ் தனி. அதவிட முக்கியம், வட்டியில்லா இஎம்ஐல வட்டி ஏற்கனவே விலைக்குள்ள ஏறிடுச்சு, இப்ப அத லோனா மாத்தினா அதே பொருளுக்கு ரெண்டாவது தடவை வட்டி கட்றீங்க. எல்லாத்துக்கும் மேல உங்க கார்டு லிமிட் மறுபடி முழுசா செலவு பண்ண திறந்து நிக்கும், மாசம் 17 கையில புரளும், ஸ்டார்ட்டர் மோட்டாரும் மச்சானும் அங்கயே காத்திட்டிருப்பாங்க. ஒரு வருஷத்துல லோனும் இருக்கும், புதுசா ஒன்பது இஎம்ஐயும் இருக்கும். இந்த பழக்கம் மாறாம லோன் எடுக்குறது ஓட்டை வாளியில தண்ணி எறைக்கிற கதை. இப்படியே விட்டா, புதுசா ஒண்ணும் சேர்க்காம இருந்தா, 150ஐ 22ஆல வகுத்துப் பாருங்க, ஏழு மாசம். சிலது நீளமான தவணையா இருக்கறதால பத்து, பதினோரு மாசத்துல ஏறக்குறைய எல்லாம் முடிஞ்சுடும். இந்த லோன் வேண்டாம். அடுத்த தடவை போன் வந்தா வேண்டாம்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு வச்சுடுங்க.

புது கார் பத்தி ஒரு வார்த்தை. பத்து மாச சம்பள விலைல ஒரு கார், அதாவது 1000, அதுல 800 லோன், 10 சதவீதம், அஞ்சு வருஷம்னா இஎம்ஐ 17. இப்ப கட்ற 22ஐ விட கம்மிதானேன்னு ஷோரூம்ல உக்காந்தா மனசு சொல்லும். ஆனா இந்த 22 ஒரு வருஷத்துக்குள்ள முடியப் போகுது, அந்த 17 அறுபது மாசம் ஓடும், முன்பணம் 200 எங்கிருந்து வரும்னு நீங்க எழுதவே இல்ல, இன்சூரன்சும் ஏறும், புது காரோட மதிப்பு ரொம்ப வேகமா இறங்குறதும் முதல் சில வருஷத்துலதான். இஞ்சின் நல்லா இருக்குற காரத் தள்ளிவிட்டு இத எடுக்க காரணமே இல்ல. என் அளவுகோல் இதுதான்: அவசியமான ரிப்பேர் செலவு மட்டும், ஆசைக்கு மாட்டினது சேர்க்காம, ரெண்டு வருஷம் தொடர்ந்து காரோட விக்கிற விலையில பாதிய தாண்டினா அப்ப விக்கலாம். உங்க லிஸ்ட்ல அவசியம்னு சொல்லக்கூடியது சஸ்பென்ஷன் ஒண்ணுதான், மிச்சமெல்லாம் ஆசை இல்லன்னா யூகம்.

இனிமே என்ன பண்ணணும். கார்டு ஆப்ல இஎம்ஐயா மாத்துற வசதிய நிறுத்த முடிஞ்சா நிறுத்துங்க, லிமிட்ட பாதியா குறைக்கச் சொல்லிக் கேளுங்க, பார்ட்ஸ் விக்கிற ஆப்ல சேவ் ஆகி இருக்குற கார்டு நம்பர அழிங்க. ஓடற ஒன்பதுல வெளிப்படையா வட்டி போட்டது எதுன்னு பாத்து, முன்கூட்டி முடிக்க எவ்வளவு கட்டணம்னு கேட்டு, மிச்சமாகுற வட்டி அந்த கட்டணத்த விட அதிகம்னா மட்டும் அத முதல்ல முடிங்க. வட்டியில்லா தவணைய முன்கூட்டி கட்டி பெருசா லாபம் இல்ல, அது பாட்டுக்கு முடியட்டும். ஒவ்வொரு தவணை முடியும்போதும் அந்த தொகையில பாதிய காருக்குன்னு ஒரு தனி அக்கவுண்டுல போடுங்க, மிச்ச பாதி அவசர சேமிப்புக்கு. அப்புறம் காருக்கு எது வாங்கினாலும் அந்த அக்கவுண்டுல இருக்குற காசுக்குள்ளதான், இல்லைன்னா சேர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

அந்த காசு முதல்ல எதுக்குப் போகணும்னா, நிக்கிறதுக்கும் திரும்புறதுக்கும். பிரேக் ஆயில் ஈரத்த இழுத்துக்கும், டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி, ஈரம் ஏறினப்புறம் அதுக்கு வச்சிருக்குற அளவே 155தான், இறக்கத்துல பிரேக்க தொடர்ந்து மிதிக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துறது நல்லது. டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2319னா 2019ல 23வது வாரம் செஞ்சது, பட்டன் இருந்தாலும் வயசான ரப்பர நம்பக்கூடாது. டைமிங் பெல்ட் உள்ள இஞ்சின்னா கடைசியா எப்ப மாத்துனதுன்னு பாருங்க, நிறைய இஞ்சின்ல அது அறுந்தா வால்வு வளைஞ்சு மொத்த இஞ்சினும் போயிடும், அப்ப நீங்க சேர்த்த அத்தனையும் ஒரே நாள்ல காலி. இன்னொண்ணு, டூல் செட்டு வாங்கினேன்னு எழுதினீங்க, தூக்கின வண்டிய தாங்கிப் பிடிக்கிற ஜாக் ஸ்டாண்டு வாங்கினதா எழுதல. வெறும் ஜாக்க மட்டும் நம்பி வண்டிக்கு அடியில படுக்காதீங்க, தயவுசெஞ்சு. மொத செலவு அதுவாத்தான் இருக்கணும்.

எல்இடி பல்பு ஹாலோஜன் லைட்டுக்குள்ளயே மாட்டியிருந்தா கழட்டிட்டு பழைய பல்ப போடுங்க. அந்த ரிஃப்ளெக்டர் ஹாலோஜன் இழை இருக்குற இடத்துக்கு கணக்கு பண்ணி செஞ்சது, வேற பல்பு போட்டா எதிர்ல வர்றவங்க கண்ணுலதான் வெளிச்சம் அடிக்கும். மாத்தி மாட்டினத இன்சூரன்ஸ் கம்பெனிக்கு சொல்லாம விட்டா நாளைக்கு கிளெய்ம்ல தகராறும் வரலாம்.

மச்சான் விஷயம். நீங்க தனியா கேட்டுட்டே இருந்தா அவன் பேச்ச மாத்திட்டேதான் இருப்பான், ஏன்னா வீட்டுல தெரியாதுன்னு அவனுக்குத் தெரியும். முதல்ல உங்க வீட்டம்மாகிட்ட ஒன்பதையும் காட்டுங்க, மூணு இல்ல, ஒன்பதும், எது எப்ப முடியுதுன்னு தேதியோட ஒரு தாள்ல எழுதி. திட்டு வாங்குவீங்க, வாங்கிக்குங்க, அவங்க அண்ணனோ தம்பியோ பண்ணினது வேற இதுல இருக்கு, வெளியில இருந்து தெரிய வந்தா இன்னும் மோசமாகும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து அவன்கிட்ட பேசுங்க, மொத்தமா கேக்காதீங்க, சம்பள நாளுக்கு மறுநாள் மாசம் 7ன்னு கேளுங்க, முடியலன்னா அந்த பொருள வித்து பாக்கியக் கட்டட்டும். இனிமே கார்டு யாருக்கும் கிடையாதுன்னு அவன்கிட்ட நீங்க சொல்றத விட உங்க வீட்டம்மா சொன்னா நிக்கும்.

பெட்டி பிரிக்காத அலாய் வீல மாட்டாதீங்க. பெரிய சைஸ் வீல் கனம் கூட, டயர் பக்கச்சுவர் சன்னமாயிடும், குழியில விழுற அடி நேரா இப்பதான் மாத்தின சஸ்பென்ஷனுக்குப் போகும், மொத்த விட்டம் மாறினா ஸ்பீடோமீட்டரும் தப்பா காட்டும். திருப்பி எடுத்துக்குவாங்களான்னு இன்னைக்கே கேளுங்க, இல்லைன்னா புதுசுன்னு சொல்லி வித்துடுங்க, பில்லோட பெட்டியோட இருக்குறப்ப வர்ற விலை ஆறு மாசம் கழிச்சு வராது. வர்ற காசுல வட்டி போட்ட இஎம்ஐ ஒண்ண முடிங்க.